பர்ஸின் பின்பக்கத் தையல் கோணுவது ஏன்? தோல் கைத்தையலுக்கு ஊசி, நூல், துளை

ஒரு வாசகர் அனுப்பிய கேள்வியின் சுருக்கம் இது: 1.2 மி.மீ. ஆட்டுத்தோலில் மடிப்பு பர்ஸ் தைக்கிறார். ஆன்லைனில் வாங்கிய கிட்டில் 4 மி.மீ. இடைவெளி சிசலும் (சுத்தியலால் அடித்துத் தோலில் துளை வரிசை போடும் பல் கருவி) 1 மி.மீ. மெழுகு நூலும் வந்தன. முன்பக்கம் பரவாயில்லை, பின்பக்கம் கோணல்மாணலாக வருகிறது, சில இடங்களில் தோல் சுருங்கிக்கொள்கிறது. நூலை மாற்றுவதா, ஊசியை மாற்றுவதா என்று கேட்கிறார்.

நூலையும் மாற்றுங்கள், சிசலையும் மாற்றுங்கள். ஆனால் அவற்றை மாற்றினால் மட்டும் பின்பக்கம் நேராகாது. பின்பக்கக் கோணலுக்குக் காரணம் ஊசிகள் துளைக்குள் போகும் வரிசை. பர்ஸ் முரட்டுத்தனமாகத் தெரிவதற்கும் தோல் சுருங்குவதற்கும் காரணம் அளவுகள். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

முதலில் அளவு. கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நூலில் தொடங்குகிறார்கள், நிறம் கண்ணைப் பறிப்பதால். தொடங்க வேண்டியது தையல் இடைவெளியில், அதாவது ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவுக்கு உள்ள தூரத்தில். அதை முடிவு செய்துவிட்டால் நூலின் தடிமன், அதை வைத்து ஊசி, அதை வைத்துத் துளையின் அகலம் என்று மற்றவை தாமாக வந்து அமரும். பர்ஸ், கார்டு ஹோல்டர் போன்ற மெல்லிய வேலைக்கு 3 முதல் 3.4 மி.மீ. இடைவெளி. கைப்பைக்கு 3.85 அல்லது 4. பெல்ட், நாய்ப்பட்டை, கத்தி உறைக்கு 4 முதல் 5. இதற்கேற்ற நூல்: 2.7 மி.மீ. இடைவெளிக்கு 0.4 முதல் 0.45 மி.மீ. நூல், 3-க்கு 0.5, 3.38-க்கு 0.55 அல்லது 0.6, 3.85 மற்றும் 4-க்கு 0.6 முதல் 0.8, 5-க்கு 1 மி.மீ. உங்கள் கிட்டில் வந்த 1 மி.மீ. நூல் பெல்ட்டுக்கானது. 1.2 மி.மீ. தோலில் அது கயிறு மாதிரி மேலே புடைத்து நிற்கும், எவ்வளவு இழுத்தாலும் உள்ளே அமராது. அமரவில்லையே என்று இன்னும் இழுப்பதால்தான் தோல் சுருங்குகிறது.

3.38, 3.85 என்று விசித்திரமான எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வது நல்லது, வாங்கும்போது ஏமாறாமல் இருக்க உதவும். ஐரோப்பியக் கருவிகளின் எண்ணிக்கை பழைய பிரெஞ்சு அங்குலத்தை வைத்து வந்தது. அது 27.07 மி.மீ. அதில் எட்டுத் தையல் என்றால் ஒன்றுக்கு 3.38, ஏழு என்றால் 3.85 அல்லது 3.87, ஒன்பது என்றால் 3.0, பத்து என்றால் 2.7. ஆங்கில அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் அதன் எட்டு 3.18 மி.மீ. ஆகிவிடும். இரண்டு கடையில் இரண்டு '8'-ஆம் எண் சிசல் வாங்கி, முன்பக்கத் துண்டை ஒன்றிலும் பின்பக்கத் துண்டை இன்னொன்றிலும் குத்தினால் 10 செ.மீ. நீளத்தில் கிட்டத்தட்ட இரண்டு துளை வித்தியாசம் வரும். ஆகவே எண்ணைப் பார்க்காதீர்கள், மி.மீ. பார்த்து வாங்குங்கள். இரண்டு பல், ஐந்து அல்லது ஆறு பல் என்று இரண்டையும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வரிசையில் எடுங்கள்.

சிசல், பிரிக்கிங் அயர்ன் இரண்டையும் கடைகள் ஒன்றாகவே விற்கின்றன. வேலை வேறு. பிரிக்கிங் அயர்ன் என்பது தோலின் மேல் அடையாளம் மட்டும் பதிக்கும், துளையைக் குத்தூசியால்தான் போட வேண்டும். சிசல் ஒரே அடியில் முழுக்கத் துளைக்கும். பர்ஸ் தடிமனுக்கு, அதாவது எல்லா அடுக்கும் சேர்ந்து 4 மி.மீ. வரை, சிசலே போதும். அதற்கு மேல் போனால் சிசலைக் கொண்டு முழுக்க இறக்காதீர்கள். பற்கள் மேலே தடித்து நுனியில் மெலிந்திருப்பதால், ஆழமாக இறங்க இறங்க முன்பக்கத் துளை பெரிதாகிக்கொண்டே போகும், பின்பக்கத் துளை ஊசி முனை அளவுதான் திறக்கும். முன்பக்கம் வாய் பிளந்த துளை, பின்பக்கம் ஊசி நுழையாத துளை. தடித்த வேலைக்கு அடையாளம் பதித்துவிட்டுக் குத்தூசி எடுப்பதே சரி.

குத்தூசி வைர வடிவக் குறுக்குவெட்டு உள்ளதாக இருக்க வேண்டும். வட்டமான முனை தோலைக் கிழித்துத் தள்ளும், வைர முனை வெட்டிக்கொண்டு போகும். புதிதாக வாங்கும் குத்தூசிகளில் பெரும்பாலானவை மழுங்கலாகவே வருகின்றன. 1000 நம்பர் உப்புத்தாளில் நான்கு முகங்களையும் தட்டையாகத் தேய்த்து, பிறகு பச்சைப் பாலிஷ் பூசிய தோல் பட்டையில் மெருகேற்றுங்கள். நுனி மட்டுமல்ல, பக்கவாட்டு முனைகளும் வெட்ட வேண்டும். பலம் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தால் கூர்மை போதவில்லை என்று அர்த்தம். அந்தப் பலத்தில்தான் கோணம் மாறி, பின்பக்கம் துளைகள் வரிசை தப்பும். கிட்டோடு வரும் குத்தூசியைத் தீட்டி நேரம் செலவழிப்பதைவிடத் தனியாக ஒன்று வாங்குவதே மேல்.

ஊசிக்கு வருவோம். தோலுக்கான ஊசி மொட்டையாக இருக்க வேண்டும். துளைதான் ஏற்கெனவே இருக்கிறதே, ஊசி துளைக்க வேண்டியதில்லை, வழி தேடிப் போனால் போதும். கூரான ஊசி எடுத்தால் இரண்டாவது முறை போகும்போது முதல் நூலின் இழைகளுக்குள் புகுந்துவிடும். அப்படிப் புகுந்த தையலை இறுக்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. ஹார்னஸ் ஊசி என்று கேட்டு வாங்குங்கள். ஜான் ஜேம்ஸ் ஊசிகளில் 004 மெல்லியது, 0.5 மி.மீ. அளவு தடிமனுள்ள நூலுக்குப் பொருந்தும். 002 சற்றுத் தடிமன், 0.6 முதல் 0.8 வரை. நூல் இரட்டையாக மடிந்து நிற்கும் ஊசிக் காதுதான் துளை வழியாகப் போகும் மிகப் பருமனான இடம். விரலால் இழுத்தாலே அது போக வேண்டும், சற்று உரசிக்கொண்டு. ஒவ்வொரு துளைக்கும் கொறடு தேவைப்பட்டால் ஊசி பெரிது அல்லது துளை சிறிது. கொறட்டால் பக்கவாட்டில் இழுத்துப் பழகினால் ஊசி காதுப்பக்கம் ஒடியும்.

நூலில் மூன்று குடும்பங்கள். லினன், பாலியஸ்டர், நைலான். பருத்தி நூலைத் தோல் பக்கமே கொண்டுவராதீர்கள். வியர்வையும் ஈரமும் பட்டால் சீக்கிரம் இற்றுப்போகும்.

லினன் நூல்தான் சேணத் தொழிலின் பழைய நூல். நீளாது, மெழுகை நன்றாகப் பிடிக்கும், துளைக்குள் அப்படியே உட்கார்ந்துகொள்ளும், பளபளப்பில்லாத அழகு. பிரான்ஸின் ஃபில் ஓ சினுவா லினனில் 832, 632, 532, 432, 332 என்று எண்கள் வரும். முதல் இலக்கம் பெரிதானால் நூல் மெல்லியது. 832 சுமார் 0.43 மி.மீ., 532 சுமார் 0.57, 332 சுமார் 0.77. பர்ஸுக்கு 532 அல்லது 632. ஆனால் நம் ஊர் கடலோர ஈரத்திலும் வியர்வையிலும் தினமும் அடிபடும் பொருளுக்கு, குறிப்பாக செருப்பு, பெல்ட், பையின் தோள்வார், லினன் என் முதல் தேர்வு இல்லை. பூஞ்சை பிடிக்க வாய்ப்பு உண்டு.

பாலியஸ்டர் அந்தக் கவலை இல்லாதது. வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும், நீட்சியும் குறைவு. ஜெர்மனியின் ரிட்சா 25, பலரும் டைகர் நூல் என்று சொல்வது, பின்னப்பட்ட தட்டையான பாலியஸ்டர். 0.6, 0.8, 1.0, 1.2 மி.மீ. என்று வரும். தட்டையாக இருப்பதால் தையல் அழகாகப் படுக்கும், ஆனால் புரண்டால் ஒரு தையல் அகலமாகவும் அடுத்தது மெலிந்தும் தெரியும். இழுக்கும்போது நூல் முறுக்கிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். முதல் பர்ஸுக்கு மூன்று புரி வட்ட பாலியஸ்டர் நூலே பாதுகாப்பு.

பாண்டட் நைலான், அதாவது புரிகளைப் பிசினால் ஒட்டிய நைலான் நூல், மலிவு, பலம், எங்கும் கிடைக்கும். அதன் அளவை டெக்ஸ் என்று போட்டிருப்பார்கள். ஆயிரம் மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதே அந்த எண். டெக்ஸ் 70-ஐ மெல்லிய பர்ஸுக்கும் டெக்ஸ் 135-ஐப் பைக்கும் எடுக்கலாம். அது இயந்திரத்துக்காகச் செய்த நூல். வழவழப்பு அதிகம், நீளும், கைத்தையலில் இறுக்கம் நிற்காமல் நழுவும். தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் ஓரளவு கட்டுப்படும். தொடர்ந்து வெயிலில் இருக்கும் பொருளுக்கு நைலான் வேண்டாம்.

கடையில் லேபிள் இல்லாமல் நூல் கொடுத்தால் ஒரு சிறு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையுடன் சாம்பலானால் பருத்தி அல்லது லினன். உருகிக் கெட்டியான மணி ஆனால் செயற்கை நூல். "லினன்" என்று சொல்லி விற்ற நூல் மணி கட்டுவது அபூர்வமில்லை.

தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் அதே தையல் இரண்டு தோலில் இரண்டு விதமாக நடக்கும். திண்டுக்கல், திருச்சி பக்கம் ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல், புவிசார் குறியீடு பெற்றது. அந்தத் தாவரப் பதன் தோல் துளையின் வடிவத்தை வைத்துக்கொள்ளும், தைத்த பிறகு சுத்தியலால் தட்டினால் துளை மூடும், ஓரம் தேய்த்தால் மெருகு ஏறும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் அதிகமாகக் கிடைக்கும், குரோமிய உப்பால் பதனிட்ட குரோம் தோல் மென்மையானது, இழுபடும். குத்திய துளை சிறிது நேரத்தில் சுருங்கிக்கொள்ளும், பற்களும் தோலில் மாட்டிக்கொள்ளும். குரோம் தோலைக் குத்தினால் அன்றே தைத்துவிடுங்கள், நூலை மென்மையாக இழுங்கள், தேவைப்பட்டால் நடுவில் மெல்லிய உள்தாள் அல்லது துணி ஒட்டுங்கள். எந்தத் தோல் என்று தெரியவில்லையா? மேற்பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாவரப் பதன் என்றால் உடனே உறிஞ்சிக் கறுக்கும். குரோம் தோலின் வெட்டு ஓரத்தில் பல நேரம் நீலச் சாம்பல் நிறம் தெரியும்.

இனி தைக்கும் முன் செய்ய வேண்டியவை. அடுக்குகளை ஒட்டாமல் தைக்காதீர்கள். தைக்கும் ஓரத்தில் 3 அல்லது 4 மி.மீ. அகலத்துக்கு மட்டும் பசை போதும். மேல்பூச்சு இருக்கும் தோலில் அந்த ஓரத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பிடிக்காது. ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் பசை என்றால் இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, தொட்டால் ஒட்டாத அளவு காயவிட்டு, சரியாக வைத்து அழுத்துங்கள். வைத்த பிறகு நகர்த்த முடியாது. வெள்ளைப் பசைக்கு நகர்த்தும் அவகாசம் உண்டு, ஆனால் காயும்வரை கிளிப் போட வேண்டும். ஒட்டிக் காய்ந்த பிறகு ஓரத்தை ஒரே வெட்டாக வெட்டிச் சமமாக்குங்கள். ஓரம் கோணினால் அதை அளவுகோலாக வைத்து இழுக்கும் கோடும் கோணும்.

டிவைடரை (இரண்டு கூர்முனைக் கவராயம்) இடைவெளிக்குச் சமமான 3 மி.மீ. தூரத்துக்குத் திருகி வைத்து ஓரத்தை ஒட்டி ஒரு கோடு. அழுத்தாமல், சுரண்டாமல், தோலின் மேல் ஒரு மினுமினுப்பான தடம் விழுந்தால் போதும். கிட்டில் குரூவர் என்று ஒரு கருவி இருக்கும், தோலில் வாய்க்கால் வெட்டுவது. பர்ஸில் அதைத் தொடாதீர்கள். அது மேல்புறத்து மணிப்படலத்தை வெட்டி எடுத்துத் தோலை மெலியவைக்கிறது. 1.2 மி.மீ. தோலில் அதையே வெட்டி எடுத்துவிட்டு அந்த வாய்க்காலில் துளை போட்டால், அங்கேதான் பின்னாளில் கிழியும். பெல்ட்டின் அடிப்புறம், காலணியின் அடித்தோல் போன்ற தேயும் இடங்களில், நூலை உராய்விலிருந்து காக்க அதற்கு இடம் உண்டு.

குத்தும்போது அடியில் கனமான கருங்கல் அல்லது கிரானைட் பலகை, அதன்மேல் பிளாஸ்டிக் கட்டிங் போர்டு, அதன்மேல் தோல். மேசைக் காலுக்கு நேர் மேலே வைத்து அடியுங்கள், நடுவில் அடித்தால் மேசை குதிக்கும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், நைலான் அல்லது மரச் சுத்தியல். சிசலைக் கொண்டு போகும்போது முதல் பல்லை, முன்பு குத்திய கடைசித் துளையில் வைத்துத் தொடருங்கள். அப்போதுதான் இடைவெளி மாறாது. கடைசியில் மூலைக்கு வரும்போது அரைத் தையல் மிஞ்சப் போகிறது என்று பத்துத் துளை முன்பே தெரியும். டிவைடரால் அளந்து, மிச்சத்தைப் பத்துத் துளைகளுக்குப் பகிருங்கள். 1.5 மி.மீ. பிசகு பத்தில் பரவினால் துளைக்கு 0.15 மி.மீ., கண்ணுக்கே தெரியாது. ஒரே தையலில் சரிக்கட்டினால் பளிச்சென்று தெரியும். வளைவில் இரண்டு பல் சிசல்.

சிசல் மாட்டிக்கொண்டால் இடம் வலமாக ஆட்டாதீர்கள், துளை அகன்றுவிடும். ஒரு கையால் தோலைப் பலகையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பற்களின் வரிசை போகும் திசையில் முன்னும் பின்னும் லேசாக அசைத்து மேலே தூக்குங்கள். அவ்வப்போது பற்களைத் தேன்மெழுகில் குத்தி எடுத்தால் பாதித் தொல்லை போகும்.

பர்ஸில் புதியவர்கள் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. கார்டு பாக்கெட்டின் மேல்விளிம்பு பக்கத் தையலைச் சந்திக்கும் புள்ளி. ஒரு துளை சரியாக அந்த விளிம்பின் மேலேயே விழுந்தால் பாக்கெட்டின் மூலை அரைத் துளையாகப் பிளந்து, கார்டை உருவும் ஒவ்வொரு முறையும் கிழியும். துளை விளிம்புக்கு அப்பால் ஒன்று, இப்பால் ஒன்று என்று விழுந்து, தையல் அந்த விளிம்பைத் தாண்டிக் கட்ட வேண்டும். ஆகவே பாக்கெட் உயரத்தை முடிவு செய்யும் முன்பே சிசலை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மி.மீ. ஏற்றி இறக்கி ஒட்டினால் தீர்ந்தது.

நூல் எவ்வளவு வெட்டுவது? நான்கு மடங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். அது பர்ஸுக்கு மட்டுமே சரி. கணக்கு எளிது: ஒரு தையலுக்கு இடைவெளியையும் மொத்தத் தடிமனையும் கூட்டி இரண்டால் பெருக்குங்கள், நூல் இரண்டு பக்கமும் போவதால். 3.38 மி.மீ. இடைவெளி, 3.2 மி.மீ. தடிமன் என்றால் ஒரு தையலுக்கு 13.2 மி.மீ., அதாவது தையல் நீளத்தின் 3.9 மடங்கு. 9.5 செ.மீ. பக்கத்துக்கு 37 செ.மீ. அதோடு இரண்டு ஊசிக்கும் பிடிக்க 50 செ.மீ. கூட்டினால் சுமார் 90 செ.மீ. இரட்டை அடுக்கு பெல்ட், மொத்தம் 7 மி.மீ. தடிமன், 4 மி.மீ. இடைவெளி என்றால் 5.5 மடங்கு. நான்கு மடங்கு கணக்கில் வெட்டினால் பாதியில் நூல் தீரும். தொடங்குபவர்கள் ஒரே தடவையில் கைகளை விரித்த நீளத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். நீள நூல் துளைகளில் உரசி உரசிக் கடைசிப் பகுதி பஞ்சு பறந்துவிடும்.

லினன் என்றால் இரண்டு முனையையும் கத்தி முதுகால் சுரண்டி மெலியவைத்து, தேன்மெழுகில் முழு நீளத்தையும் இரண்டு மூன்று முறை இழுத்துக்கொள்ளுங்கள். விரலில் ஒட்டும் அளவு போதும். வெள்ளைத் துகள் துகளாகத் துளையோரம் சேர்ந்தால் மெழுகு அதிகம். ஊசிக் காதில் ஐந்து செ.மீ. நூலைக் கோத்து, அந்தக் குட்டை முனையின் நடுவே ஊசியின் நுனியை இரண்டு முறை குத்தி, அதைக் காதுவரை இழுத்து இறக்கினால் பூட்டிக்கொள்ளும். மெல்லிய பாலியஸ்டருக்கு ஒரு குத்து போதும். இதே போல மறுமுனையில் இன்னோர் ஊசி. ஒரே நூல், இரண்டு ஊசி. சேணத் தையலின் அடிப்படையே இதுதான். ஒவ்வொரு துளை வழியாகவும் நூல் இரண்டு முறை, எதிரெதிர்த் திசையில் போகிறது. தையல் இயந்திரத்தில் மேல் நூலும் கீழ் நூலும் நடுவில் கொக்கி போட்டு நிற்கும், ஒன்று அறுந்தால் வரிசையாகத் தளரும். தெருவோரச் செருப்புக் கடையில் கொக்கி ஊசியால் நூலை வளையமாக இழுத்து, அதன் வழி இன்னொரு நூலை விட்டுத் தைப்பதும் அந்தப் பூட்டுத் தையல் வகைதான். வேகமானது, ரிப்பேருக்கு மிகப் பொருத்தமானது. சேணத் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது அதே துளையில் தாங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது பின்பக்கக் கோணலுக்கு வருவோம். வேலையை ஸ்டிச்சிங் போனியில், அதாவது தோலை இடுக்கிப் பிடிக்கும் கவ்வியில், பொருத்துங்கள். இல்லாவிட்டால் உள்முகத்தில் தோல் ஒட்டிய இரண்டு பலகைகளைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாலும் வேலை நடக்கும், இரண்டு கையும் விடுபட்டிருக்க வேண்டும் என்பதே முக்கியம். பர்ஸின் முன்பக்கம் வலது கைப் பக்கம் பார்க்கட்டும். தூரத்து முனையில் தொடங்கி உங்களை நோக்கித் தைத்து வாருங்கள். முதல் துளையில் நூலை விட்டு இரண்டு பக்கமும் சமமாக இழுத்து அளவெடுங்கள்.

அடுத்த துளை. இடது ஊசியை முதலில் விடுங்கள், பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரட்டும், நூலை முழுக்க இழுங்கள். சிசல் போட்ட துளை வட்டமில்லை, சாய்ந்த கீறல் என்பதைக் கவனியுங்கள். அதற்கு உங்களுக்கு அருகில் ஒரு முனை, தூரத்தில் ஒரு முனை. இப்போது வெளியே வந்த நூலைக் கீறலின் அருகு முனைக்கு இழுத்துப் பிடித்து, வலது ஊசியை அதே துளையில் தூரத்து முனை வழியாக முன்னிருந்து பின்னுக்கு விடுங்கள். முழுக்க இழுக்கும் முன், முதல் நூலை லேசாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சுதந்திரமாக நகர்ந்தால் சரி. இரண்டும் சேர்ந்து அசைந்தால் ஊசி நூலைத் துளைத்துவிட்டது. அங்கேயே பின்வாங்குங்கள்.

முன்பக்கத்தில் என்ன நடக்கிறது? முந்தைய துளையிலிருந்து வரும் நூல் தூரத்து முனையில் உள்ளே போகிறது, அடுத்த துளைக்குப் போகும் நூல் அருகு முனையில் வெளியே வருகிறது. ஒன்றையொன்று தொடாமல், ஒவ்வொரு தையலும் அழகாகச் சாய்ந்து நிற்கும். பின்பக்கத்தில் இது தலைகீழ். முந்தைய துளையிலிருந்து வந்த நூல் அருகு முனையில் நுழைந்திருக்கிறது, புதிதாக வெளியேறும் நூல் தூரத்து முனையில் வருகிறது. ஆகவே இரண்டும் துளையின் வாயிலேயே ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே ஏறிக்கொள்கின்றன. பின்பக்கத் தையல் சாய்வில்லாமல் நேராகத் தெரிவது இதனால்தான். அது தவறு இல்லை, இந்தத் தையலின் இயல்பு. தவறு எது என்றால், சில துளைகளில் வலது ஊசியைத் தூர முனையிலும் சில துளைகளில் அருகு முனையிலும் விடுவது. ஒவ்வொரு முறை வரிசை மாறும்போதும் ஒரு தையல் சாய்ந்தும் அடுத்தது நேராகவும் நின்று, உங்கள் பர்ஸில் இருக்கும் அந்தக் கோணல்மாணல் வருகிறது. முன்பக்கமும் கூட உற்றுப் பார்த்தால் அதே துளைகளில் கெட்டிருக்கும்.

பின்பக்கமும் சாய வேண்டும் என்றால் வழி இருக்கிறது. வலது ஊசி துளைக்குள் பாதி போன நிலையில், முன்பு வெளியே வந்த நூலை அந்த ஊசியின் மேலாக ஒரு முறை சுற்றிப் போட்டுவிட்டு ஊசியை இழுங்கள். துளைக்குள் இரண்டு நூலும் அரை முடிச்சாக முறுக்கிக்கொண்டு இடம் மாறி வெளியேறும். சுற்றும் திசை முக்கியம். ஒரு கழிவுத் துண்டில் எட்டுத் துளை ஒரு திசையில், எட்டு எதிர்த்திசையில், எட்டு சுற்றாமல் என்று தைத்து, எது பிடிக்கிறதோ அதைப் பர்ஸ் முழுக்க விடாமல் பின்பற்றுங்கள். பின்பக்கம் தெரியாத பொருளில் இந்தக் கூடுதல் வேலை தேவையில்லை. இன்னொரு வழி, பின்பக்கத் துண்டை எதிர்ச்சாய்வுப் பற்கள் உள்ள சிசலால் தனியாகக் குத்திவிட்டு ஒட்டுவது. துளைகள் நேருக்கு நேர் பொருந்த வேண்டும், அது பழகிய கைக்கு.

இறுக்கம். இரண்டு ஊசியும் கடந்த பிறகு, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில், ஒரே பலத்தில், பக்கவாட்டில் இழுங்கள். நூல் தோலோடு படிந்ததும் நிறுத்துங்கள். ஓரத்தைக் கண்ணின் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு குழி விழுந்து ஓரம் அலையலையாகத் தெரிந்தால் இழுப்பு அதிகம். ஒரு கை ஓங்கினால் நூல் துளைக்குள் ஒரு பக்கமாக ஏறி, ஒரு முகம் புடைத்தும் மறுமுகம் உள்வாங்கியும் நிற்கும். வலக்கைக்காரர்களுக்கு வலப்பக்கம் ஓங்குவது சகஜம். பலத்தை விரலிலிருந்து எடுங்கள், தோளிலிருந்து வேண்டாம்.

தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பர்ஸ் அதிகம் இழுபடும் என்பதால், முதல் துளையில் ஓரத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டுத் தொடங்கலாம். முடிவில் இரண்டு துளை பின்னோக்கித் தைத்துத் திரும்புங்கள். அந்தத் துளைகளில் ஏற்கெனவே நூல் இருப்பதால், குத்தூசி நுனியைப் பக்கவாட்டில் மெதுவாக விட்டு இடம் செய்துகொள்ளுங்கள். பலவந்தமாக ஊசியைத் தள்ளினால் நூலைக் குத்தும். நடுவில் நூல் தீர்ந்தாலும் இதே வழி, பழைய நூலை இரண்டு துளை பின்னால் கொண்டுபோய் முடித்துவிட்டு, புது நூலை அதற்கு இரண்டு துளை முன்பிருந்தே தொடங்குங்கள்.

இரண்டு முனையையும் பின்பக்கம் கொண்டுவாருங்கள். செயற்கை நூலை 2 மி.மீ. விட்டு வெட்டி, லைட்டர் சுடரின் நீலப் பகுதியை அருகில் கொண்டுபோய் உருக்கி, லைட்டரின் உலோகத் தலையால் உடனே அழுத்துங்கள். மஞ்சள் சுடரில் காட்டினால் புகைக் கரி படிந்து, வெளிர்நிற நூலில் கறுப்புப் புள்ளி நிரந்தரமாகத் தங்கும். லினனை உருக்க முடியாது. கடைசித் துளையில் ஊசி நுனியால் ஒரு துளி வெள்ளைப் பசையை விட்டு, இழுத்து, தோலோடு ஒட்ட வெட்டுங்கள். கடைசியாக வழவழப்பான தலையுள்ள சுத்தியலால் இரண்டு பக்கமும் தையல்மேல் லேசாகத் தட்டினால் நூல் படியும், தாவரப் பதன் தோலில் துளைகளும் மூடும்.

இந்த பர்ஸுக்கு மட்டும் வாங்க வேண்டியவை: 3.38 அல்லது 3 மி.மீ. சிசல் இரண்டு பல்லும் ஆறு பல்லும், 0.55 மி.மீ. தடிமனுள்ள வட்ட பாலியஸ்டர் நூல் ஒரு சுருள், 004 ஹார்னஸ் ஊசி ஒரு பாக்கெட், ஒரு டிவைடர், ஒரு கட்டித் தேன்மெழுகு. கையிலிருக்கும் 4 மி.மீ. சிசலையும் 1 மி.மீ. நூலையும் தூக்கிப் போடாதீர்கள். அந்த நூல் அந்த இடைவெளிக்குக் கொஞ்சம் தடிமன்தான் என்றாலும், ஒரு கீ-செயின் பட்டையிலோ நாய்ப்பட்டையிலோ ஊசி வரிசையைப் பழகிக்கொள்ள அதைவிட நல்லது கிடைக்காது. தடித்த நூலில்தான் எந்தத் துளையில் எந்த முனை தப்பியது என்பது பளிச்சென்று கண்ணில் படும்.